ஒரு சாண் உயரம்

ஊமத்தம்பாளையத்து இரும்புத் தடுப்பின் முன்னால் வையாபுரியின் லாரி முதன்முதலாக மண்டியிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என்பதில் ஊராருக்குள் கருத்து வேறுபாடு எதுவும் இருந்ததில்லை. எந்தக் காலை முதலில் மடித்தது என்பதில் மட்டுமே இருந்தது. இடது முன்சக்கரம் என்று பால் சங்கத்தின் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள். வலது என்று நிழற்குடைக்குள் நின்றவர்கள் சொன்னார்கள். லாடம் கட்டுவதற்காகப் படுக்கவைக்கப்படும் காளையைப் போல முதலில் முன்பக்கமும் பிறகு பின்பக்கமும் தாழ்ந்து, ஏற்றியிருந்த முந்நூறு மக்காச்சோள மூட்டைகளில் ஒன்றுகூடச் சரியாமல், முன்கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம்கூட அசையாமல், அந்தப் பத்துச் சக்கர லாரி தரையோடு தரையாகத் தவழ்ந்து தடுப்பைக் கடந்தது. அந்தப் பக்கம் போனதும் எழுந்து நின்று, தூசி தட்டுவதுபோல ஒருமுறை உடலைக் குலுக்கிக்கொண்டு, ஊருக்குள் இருந்த கோழித் தீவன ஆலையை நோக்கிப் போயிற்று. பால் சங்கத்தில் அளந்துகொண்டிருந்தவர் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அளந்தார்.

தடுப்பு அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. நான்குவழிச் சாலையில் சுங்கச்சாவடி திறக்கப்பட்ட நாளிலிருந்து, சாவடிக்கு ஒரு மைல் முன்னாலேயே சாலையை விட்டிறங்கி, ஊமத்தம்பாளையத்தின் ஒற்றைத் தெருவுக்குள் புகுந்து, சாவடிக்கு அப்பால் மறுபடியும் சாலையேறும் வித்தையை லாரிக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதை ஒருவருக்கொருவர் சொல்லியும் கொடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் குடிநீர்க் குழாயை நான்கு முறை உடைத்து, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் ஒரு மூலையைப் பெயர்த்து, கொடிக்கம்பத்தை வளைத்து, கணக்கில்லாத கோழிகளை அரைத்துவிட்டுப் போன பிறகு, ஊரார் மனுக்கொடுத்து அலைந்து, கனரக வாகனங்கள் நுழையக்கூடாது என்ற உத்தரவைப் பெற்று, தெருவின் மேற்கு முனையில் ஒன்றும் கிழக்கு முனையில் ஒன்றுமாக, பத்தடி உயரத்தில் குறுக்கே இரும்புத் தூலம் வைத்த இரண்டு தடுப்புகளை நட்டார்கள். மினி பஸ் போகும். பால் வண்டி போகும். எந்த லாரியின் தலையும் அந்தத் தூலத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. லாரிக்காரர்கள் அதற்குத் தூக்குமரம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டுச் சாவடி வரிசையில் போய் நின்றார்கள்.

எனவே ஒரு லாரி குனிந்து போயிற்று என்பதைவிட, குனிந்து போன லாரியை என்ன செய்வது என்பதே ஊருக்குப் பெரிய கேள்வியாயிற்று. ஊராட்சித் தலைவி பெருமாயி, தும்பைப்பூப் போல நரைத்த தலையும் யாரையும் உட்காரச் சொல்லிவிட்டே பேசும் வழக்கமும் உடையவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்.

"தடுப்பு வெச்சது எதுக்குங்க? நிமிந்து வர்ற வண்டியத் தடுக்க. கும்புட்டுக்கிட்டு வர்றவனை வாசல்ல நிறுத்தற பழக்கம் நம்மூர்ல எந்தக் காலத்துலயும் இல்லை."

"அப்பப் பைப்பு ஒடஞ்சா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார் கூட்டத்தில் ஒருவர்.

"அது தவழ்ந்தில்ல போவுது. தவழ்ற கொழந்தை எந்தப் பைப்ப ஒடச்சுதாம்?"

தீர்ப்பு அத்துடன் முடிந்தது. போக்குவரத்து அலுவலர் ஒருவர் அளவுநாடாவுடன் வந்து, நிற்கும்போது ஓர் உயரத்தையும் கடக்கும்போது வேறோர் உயரத்தையும் அளந்து, இரண்டையும் தாளில் எழுதி, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று வெகுநேரம் யோசித்து, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு மண்டியிடுதல் ஊரின் நேரங்களில் ஒன்றாயிற்று. பத்தேகாலுக்கு லாரி முட்டி போட்டால் உலை வைக்க வேண்டும். நடக்கத் தாமதிக்கும் பிள்ளைகளைத் தூக்கிவந்து மடிந்த சக்கரத்தின் மேல் பாதம் படவைத்தால் எட்டே நாளில் நடக்கிறார்கள். கல்யாண வீட்டார் மாப்பிள்ளையின் கார் அதற்குப் பின்னால் வரும்படி முகூர்த்தம் குறித்தார்கள். சாவடிச் சிப்பந்திகள்கூட முதல் வாரம் தொலைநோக்கியில் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

பார்ப்பதை நிறுத்தாதவன் ஒருவன்தான். அவன் பெயர் சென்னியப்பன்.

சென்னியப்பனும் வையாபுரியும் சங்ககிரியில் ஒரே தெருக்காரர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். சென்னியப்பனின் தங்கை பூவாத்தாளை வையாபுரி கட்டினான். வையாபுரியின் தங்கை மயிலாத்தாளைச் சென்னியப்பன் கட்டினான். ஒரே பந்தலில், ஒரே நாதஸ்வரத்துக்கு. லாரிகளையும் அவர்கள் அப்படியே செய்துகொண்டார்கள்: ஒரே பட்டறையில், ஒரே நாளில் உடல் கட்டப்பட்டு, ஒரே கிளிப்பச்சை பூசப்பட்டு, ஒரே தச்சன் செதுக்கிய பூதமுகம் முன்னால் தொங்க, ஒரே ஓவியன் எழுதிய 'பொறாமை வேண்டாம், உழைத்துப் பார்' பின்னால் விளங்க, இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக வெளியே வந்தன. இரண்டில் ஒன்றுக்குக் கிடைத்தது மற்றதற்குக் கிடைக்கவில்லை என்றால், அந்நியனின் வண்டிக்குக் கிடைத்திருந்தால் நெஞ்சுக்கு எட்டாமலே போயிருக்கும் ஒரு செய்தி, சட்டைக்குள் விழுந்த நெல் உமியைப் போல உடம்பின் எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்துகிறது. சென்னியப்பன் வயதில் இரண்டாண்டு மூத்தவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுபவன். மைத்துனனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். அந்த உமி அவனை அதிகமாகக் குத்தியதற்கு இது காரணமாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் குத்தல் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் பொறாமைப்பட்டதே இல்லாதவர்கள்.

சுங்கம் மிச்சமாவது ஒருபுறம் இருக்கட்டும். தீவன ஆலைக்குப் போகும் மக்காச்சோளம் முழுவதும் இப்போது வையாபுரியின் லாரியிலேயே போயிற்று. முன்பெல்லாம் சாலையோரத்தில் லாரிகளை நிறுத்தி, மூட்டைகளைக் குட்டியானை என்று சொல்லப்படும் சின்ன வண்டிகளுக்கு மாற்றி ஏற்றி உள்ளே கொண்டுபோவார்கள். வாசல் வரை வரும் லாரி ஒன்று இருக்கும்போது அந்தச் சிரமத்தை யார் படுவார்கள்? சென்னியப்பன் சாவடி வரிசையில் நின்றபடி, வயல்களுக்கு அப்பால், தன் லாரியின் நிறமே உடைய ஒரு பச்சைக் கூரை தாழ்ந்து மறைந்து மறுபடியும் எழுவதைத் தினமும் பார்த்தான். பார்க்கக்கூடாது என்று தீர்மானித்த நாட்களில் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஒருநாள் தங்கையிடம் போய்க் கேட்டான்.

"பூவா, மாப்ள வண்டிக்கு அப்பிடி என்னதான் பண்றாரு?"

"என்ன பண்றாரு, ஓட்டறாரு."

"அது தெரியுது. காத்தால எந்திரிச்சா மொதல்ல என்ன பண்றாரு?"

"பல்லு வெளக்கறாரு. ஏண்ணா, நீ வெளக்கறதில்லியா?"

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் மைத்துனன் வாங்கும் அதே பூக்காரியிடம் அதே முழ அளவில் மல்லிகை வாங்கினான். அவன் கழுவும் அதே சோப்புத்தூளால் கழுவினான். மைத்துனன் எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழ் வைக்கிறான் என்பதை மறைந்திருந்து பார்த்து அதே சக்கரத்தின் கீழ் வைத்தான். பிறகு லாரியை ஊமத்தம்பாளையத்துத் தடுப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, முதலில் தட்டிக்கொடுத்தான். அடுத்து, யாரும் கேட்காத குரலில் வேண்டினான். அதற்கடுத்து, எல்லோரும் கேட்கும் குரலில் திட்டினான். லாரி நின்றது நின்றபடி நின்றது.

"பாவம், விட்ருங்க," என்றார் நிழற்குடையில் உட்கார்ந்திருந்த ஒருவர். "அதுக்கு முட்டிவலியோ என்னமோ."

அதற்கு எழுந்த சிரிப்பு சங்ககிரி வரை அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் மயிலாத்தாள் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அண்ணனின் லாரியைப் பற்றிய பெருமிதத்தைக் கணவனின் முன்னால் காட்டாமல் இருப்பதற்காக அவள் உதட்டை மடித்துக்கொண்ட விதம், சொல்லியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட மோசமாக இருந்தது.

அன்றிரவு அவனுக்கு வழி தோன்றியது. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். தாழ்ந்த பாலத்தில் மாட்டிக்கொண்டவன் செய்வது. பாரம் ஏறினால் லாரி அமுங்கும். டயரில் காற்றைக் குறைத்தால் இன்னும் அமுங்கும். ஒரு சாண்தானே? கேபினின் மேலிருந்த கேரியரைக் கழற்றினான், விளக்குகளைக் கழற்றினான், மூட்டைகளைக் கேபினின் உயரத்துக்கு மேல் போகாதபடி நெருக்கிநெருக்கி அடுக்கி, லாரி தாங்கும் என்று சட்டமும் மனசாட்சியும் சொல்வதைவிடக் கூடுதலாகப் பாரம் ஏற்றினான். தடுப்பை அடைந்ததும் பத்து டயர்களிலும் காற்றை இறக்கினான். பாம்பு சீறுவது போன்ற அந்த ஓசையைக் கேட்டு ஊர் கூடியது. லாரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது, கூரையின் கிளிப்பச்சையைத் தூலம் நீளமாக ஒரு கோடு சுரண்டி எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொண்டு வழிவிட்டது.

"இது வணங்கிப் போவுலிங்க," என்றார் பெருமாயி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நசுங்கிப் போவுது."

"போச்சா இல்லியா, அதச் சொல்லுங்க ஆத்தா!" என்று சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். அவ்வளவு மகிழ்ச்சியான குரலை அந்தத் தெரு வெகுநாளாகக் கேட்டதில்லை.

ஆலையில் மூட்டைகளை இறக்கினார்கள். பகல் சாப்பாட்டுக்குள் எல்லாம் பிரிக்கப்பட்டு அரவைக் குழிக்குள் கொட்டியாயிற்று. சென்னியப்பன் டயர்களுக்குக் காற்றடித்து, வாயில் வெற்றிலையுடன், கிழக்குத் தடுப்பின் வழியாகச் சாலையேறப் போனான், போய், நின்றான். பாரம் இறங்கிய லாரி, ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, கழுத்தை நீட்டிய கொக்கைப் போல உயர்ந்திருந்தது. காற்றை முழுவதும் இறக்கிப் பார்த்தான், போதவில்லை. மேற்கே திருப்பிப் பார்த்தான். அங்கேயும் அதே தூலம். ஏற்றிப் போனது இறக்கினால் எழும் என்பது லாரியில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும்; இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. பொறாமை நுழையும் வழியை மட்டுமே பார்க்கும். வெளியேறும் வழியைப் பார்க்காது.

கருங்கல் ஏற்றலாம் என்றார்கள். கல்லை எடுக்கத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். தூலத்தை அறுக்கலாம் என்றார்கள். உத்தரவு போட்டவரே வந்து அறுக்க வேண்டும் என்றார்கள். மாலையில் வையாபுரி வந்தான். அவன் லாரி முட்டி போட்டு நுழைந்து, எழுந்து, தன் இரட்டையின் பக்கத்தில் வந்து நின்றது.

"மச்சான், ஊர் ஆளுகளை ஏத்திப் பாரு. அமுங்கும்."

"எனக்குத் தெரியும் மாப்ள. வண்டிக்கு ஓய்வு குடுத்திருக்கறேன். நீ போ."

"ஓய்வா?"

"ஓடிக்கிட்டேவா இருக்க முடியும்? போன்னா."

ஓய்வு பதினொரு நாட்கள் நீடித்தது. மைத்துனன் சொன்ன வழியில் வெளியேறுவதைவிட உள்ளேயே கிடப்பது மேல் என்று அவன் முடிவு செய்திருந்தான். சரக்கு கொடுப்பவர்கள் கேட்டபோதும் அதையே சொன்னான். அவர்களில் இருவர் வேறு லாரி பார்த்துக்கொண்டார்கள். ஊர் இதையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. லாரியின் நிழலில் ரேஷன் வரிசை நின்றது. அதன் தளத்தில் புளி காய்ந்தது, பிறகு மிளகாய் காய்ந்தது. மினி பஸ் தன் நிறுத்தத்தை இருபதடி தள்ளிக்கொண்டது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கோழி அடைக்கு உட்கார, குஞ்சு பொரிக்கும் வரை கதவைச் சாத்தி அதிர்ச்சி கொடுக்கக்கூடாது என்று அதன் சொந்தக்காரி சென்னியப்பனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் சமுதாயக்கூடத்தில் படுத்தான். தினமும் பத்தேகாலுக்கு, கண்ணை மூடிக்கொண்டு, பச்சை லாரி மண்டியிடும் ஓசையைக் கேட்டான். அது எழும்போது வெளியிடும் நீண்ட பெருமூச்சையும் கேட்டான். யாரோ தன் பங்கை எடுத்து உண்டுவிட்டு விடும் ஏப்பம் போல அது அவனுக்குக் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் மயிலாத்தாள் மினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வையாபுரி அப்போது மக்காச்சோளம் ஏற்றக் கர்நாடகத்துத் தாவணகெரேவுக்குப் போயிருந்தான்.

"ஏனுங்க, இங்கியே வாக்காளர் அட்டை வாங்கிக்கிறதா உத்தேசமா?"

"வண்டிக்கு..."

"வண்டிக்கு ஓய்வு. கேட்டனுங். கோழியக் கூடையோட எறக்கச் சொல்லியாச்சு, நம்மூர்ல பூக்கட்டறவ வரைக்கும் இதக் கேட்டுச் சிரிச்சாச்சு. எங்கண்ணன் சொன்ன யோசனைன்னு தான ஏறமாட்டேங்கறீங்க? செரி, அவன் சொல்லுல. நான் சொல்றேன். எந்திரிங்க."

அவன் எழுந்தான். மயிலாத்தாள் நேராகப் பெருமாயியிடம் போனாள். வெறும் ஆட்கள் ஏறினால் பாரம் போதாது, அவரவர் வீட்டு ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கொண்டுவர வேண்டும் என்று அவள் சொன்னபோது, மிக்ஸி வந்த நாளிலிருந்து கொல்லைப்புறத்தில் மழையில் கிடந்த கற்களுக்கு ஒரு வேலை வந்ததில் பெண்களுக்கு உள்ளூர ஒரு திருப்தி உண்டாயிற்று. பறை அடித்து அழைத்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு பேர் ஏறினார்கள்: ஆட்டுக்கல்லை மடியில் வைத்துக்கொண்டவர்கள், அம்மியைத் தோளில் சுமந்தவர்கள், நெல் மூட்டையோடு ஏறியவர்கள், சினையாட்டோடு ஏறியவர்கள், நடக்க முடியாத மாமனாரைக் கட்டிலோடு தூக்கி ஏற்றியவர்கள், ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியாக ஓடிவந்து ஏறிய பால் சங்கத்துக்காரர். எல்லோரும் தலையைக் குனிந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். காற்று இறக்கிய டயர்களின் மேல் லாரி முனகிக்கொண்டு நகர்ந்தது. தூலத்தின் அடியில் புக இன்னும் இரண்டு விரற்கடை தாழ வேண்டியிருந்தது.

அப்போது, பறை உச்சத்தில் ஒலித்துக்கொண்டிருந்தபோது, அடியில் ஒரு சத்தம் கேட்டது. கேட்டது சென்னியப்பனுக்கு மட்டும்; காதில்கூட அல்ல, இடுப்பில். வலப்பக்கத்து ஸ்பிரிங் பட்டை முதலில், இடப்பக்கத்துப் பட்டை அடுத்து, உலர்ந்த மட்டையைப் போல முறிந்தன. லாரி அந்த இரண்டு விரற்கடையும் இறங்கி, தூலத்தைத் தொடாமலே கடந்தது. குலவை எழுந்தது. மனிதர்கள் இறங்கினார்கள், ஆடுகள் இறங்கின, கற்கள் இறங்கின, காற்றையும் அடித்தாயிற்று, லாரி எழவில்லை. தாழ்ந்தபடியே நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் பால் சங்கத்துக்காரர். "இதுவும் பழகிக்கிச்சு!"

இந்த இடத்தில் சென்னியப்பன் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரார் அவனைப் பார்த்த பார்வையில், ஓராண்டாக அவனுக்கு மறுக்கப்பட்டிருந்த ஏதோ ஒன்று இருந்தது. பசித்தவன் முன்னால் வைக்கப்பட்ட இலையை வேறொருவருடையது என்று சொல்லித் தள்ளும் அளவுக்கு அவன் அன்று பெரியவனாக இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் அவன் அந்தத் தெருவில் போனான், வந்தான். முறிந்த பட்டையோடு பாரம் ஏற்றினால் அச்சு கழன்று தலைகுப்புற விழும் என்பதை அறிந்திருந்ததால், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் எதுவும் இல்லாமல், வெறும் லாரியை, ஒவ்வொரு குழியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊர் பார்க்க ஓட்டினான். பட்டறைப் பக்கம் போகவில்லை. மயிலாத்தாள் கேட்டபோது, வண்டி பழகுகிறது என்றான்.

பத்தாம் நாள், சரக்குக்காகக் காத்துக் கிடந்த வையாபுரி தாவணகெரேயிலிருந்து திரும்பினான். கிழக்குத் தடுப்பின் இருபுறமும் இரண்டு பச்சை லாரிகளும் எதிரெதிரே வந்தன. வையாபுரியின் லாரி வழக்கம்போல முட்டி போடத் தொடங்கியது. அது பாதி மடிந்திருந்தபோது, சென்னியப்பனின் லாரி குனியாமல், மடியாமல், தலையை ஒரு மயிரளவும் தாழ்த்தாமல், தூலத்தின் அடியில் புகுந்து அதைக் கடந்து போயிற்று. வையாபுரி ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான். அவனுடைய லாரி எழுந்து நின்ற பிறகும் அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்று மாலை அவன் வீட்டில் பூவாத்தாள், வெங்காயம் உரித்தபடி, யாரையும் குறிப்பிடாதவளைப் போலச் சொன்னாளாம்: "எங்கண்ணன் வண்டி தலை நிமிந்து போவுதாமா. சில வண்டிங்க மட்டும் கண்டவங்க வாசல்ல எல்லாம் முட்டி போடுது."

மறுநாள் விடிந்ததும் வையாபுரி வந்தான். சென்னியப்பன் வீட்டு வாசலில், லாரிக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மயிலாத்தாள் அண்ணனுக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அன்னைக்கு எத்தனை பேரு ஏறுனாங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான். பெருமாயாத்தாகிட்டப் பேசிட்டேன். எனக்கும் ஒருக்கா ஏறித் தர்றன்னிருச்சு. ஆட்டுக்கல்லெல்லாம் அப்பிடியே வெளியதான் கெடக்குதாமா." அவன் நிமிர்ந்து பச்சைக் கூரையைப் பார்த்தான். "குனியாம போறதுல ஒரு இது இருக்குதில்ல மச்சான்."

சென்னியப்பன் அந்த முகத்தைப் பார்த்தான். உதட்டின் ஓரத்தில் சிரிப்பை நிறுத்திவைத்துவிட்டு, கண்ணால் மட்டும் அளக்கும் அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். களவுபோன தன் சட்டையை இன்னொருவன் உடம்பில் பார்ப்பவனைப் போல, தையல் தையலாக, பொத்தான் பொத்தானாக அதை அவன் அடையாளம் கண்டுகொண்டான். ஓராண்டாக அவன் வேண்டியது இதுதான். வேண்டியதற்கும் மேலாக ஒன்றும் கையில் வந்திருந்தது: ஓர் எண்ணைச் சொன்னால் போதும். நாளைக்கு வையாபுரியின் லாரியிலும் பட்டை முறியும். முறிந்த பட்டையோடு எந்த லாரியும் மடிந்து எழாது. அந்தப் பெருமூச்சு இனி எந்தக் காலையிலும் கேட்காது. இரட்டைகள் மறுபடியும் இரட்டைகளாகும்.

"நூத்தி நாப்பத்திரண்டு," என்றான் சென்னியப்பன்.

வையாபுரி ஒரே மடக்கில் காபியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அப்ப நாளைக்கே ஏத்திடறேன்." தெருவில் இறங்கினான். நான்கு வீடு கடந்தான். ஐந்தாவது வீட்டின் முன்னால் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது கேட்டது.

"மாப்ள! நில்லு."

"என்ன?"

"வா இங்க. வந்து படு."

"எங்க?"

"வண்டிக்கு அடியில. படுன்னா."

இருவரும் மல்லாந்து படுத்து, முதுகால் தேய்த்து நகர்ந்து, லாரியின் வயிற்றின் அடியில் போனார்கள். சென்னியப்பன் கையை நீட்டி, பற்கள் தெரியும்படி முறிந்து, கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்த பட்டைகளைத் தொட்டுக் காட்டினான். வலப்பக்கம் காட்டினான். இடப்பக்கம் காட்டினான். வையாபுரி முறிவின் பற்களில் விரலை ஓட்டிப் பார்த்தான். பிறகு வையாபுரி சிரிக்கத் தொடங்கினான். அந்த இரும்புக் கூரையின் அடியில் அவனுடைய சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போய், மயிலாத்தாளை வாசலுக்கு வரவழைத்தது. நான்கு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே நடந்த பேச்சு முழுவதையும் அவள் கேட்டாள். அவள் கேட்கிறாள் என்பதைத் தன் பாதத்தின் மேல் விழுந்த நிழலால் சென்னியப்பனும் அறிந்தான்.

"இத வெச்சுக்கிட்டா ஒம்போது நாளு ஓட்டுன?"

"ஆமா."

"லோடு இல்லாம?"

"லோடு இல்லாம."

"ஏன் மச்சான்? எதுக்கு?"

"நீ பாக்கோணும்னு."

சிரிப்பு நின்றது. லாரியின் அடியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு வையாபுரியின் நெற்றியில் விழுந்தது. அவன் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

பட்டறையில் புதிய பட்டைகள் மாட்டினார்கள். லாரி தன் பழைய உயரத்துக்கு எழுந்தது. தூலத்தைவிட ஒரு சாண் கூடுதல். நூற்று நாற்பத்திரண்டு பேரும், தாங்கள் ஏறியதால் பழகிய ஒரு லாரி பட்டறைக்குப் போனதால் பழக்கம் மறந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டுக்கற்கள் கொல்லைக்குத் திரும்பின. சென்னியப்பன் சாவடி வரிசைக்குத் திரும்பினான். அவன் அன்றோடு நல்லவனாகிவிட்டான் என்று சொல்வது உண்மையாகாது. பத்தேகாலுக்கு வயல்களுக்கு அப்பால் பச்சைக் கூரை தாழும்போது விலாவின் அடியில் அதே இடத்தில் அதே எரிச்சல் எழுந்தது, தினமும் எழுந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, நீண்ட வரிசையில் காத்து நின்று, மதியத்துக்குப் பிறகு சாவடியைக் கடந்து, ஊமத்தம்பாளையத்துத் தெரு சாலையோடு சேரும் முக்கை அவன் அடைந்தபோது, வழக்கமாக அந்நேரத்தில் ஆலையிலிருந்து வெறும் லாரியோடு வெளியே வந்திருக்கும் வையாபுரியைக் காணவில்லை. தாழ்ந்த கூரை எழுந்ததை அன்று அவன் பார்த்தானா என்று நினைவுபடுத்திப் பார்த்தான், நினைவுக்கு வரவில்லை. ஓரமாக நிறுத்தினான். லாரி குனிய மறுத்திருக்கும் என்று நினைத்து மகிழ முயன்றான். அந்த மகிழ்ச்சி, ஈரத் தீப்பெட்டியைப் போல, எத்தனை முறை உரசியும் பற்றவில்லை. கீழே இறங்கி நின்றான். கால் மணி நேரம் ஆயிற்று. மண்டியிட்டது எழுந்திருக்காமல் போயிருக்குமோ, பாதி மடிந்தபடி தூலத்தின் அடியில் நின்றுபோயிருக்குமோ, உள்ளே இருப்பவன் கதவைத் திறக்க முடியாமல் இருப்பானோ என்று எண்ணி, அவன் செருப்பையும் மறந்து தெருவுக்குள் நூறடி நடந்திருந்தபோது, திருப்பத்தில் தூசி எழுந்தது. பச்சை லாரி வந்து அவன் பக்கத்தில் நின்றது.

"என்ன மச்சான், பஞ்சரா?"

"ஆமா. பஞ்சரு."

"எந்த டயரு?"

"எந்த டயரா இருந்தா உனக்கென்ன? இத்தனை நேரம் எங்க போயிருந்த?"

"ஆலையில டீ குடுத்தாங்க. ஜாக்கி வேணுமா?"

"போடாங்கறேன்ல!"

வையாபுரி போனான். சென்னியப்பன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பஞ்சராகாத லாரியில் ஏறி, "டீ குடிச்சாராமா, பெரிய இவுரு," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கியர் போட்டான். எரிச்சல் தன் இடத்திலேயே இருந்தது. சேலம் வரையிலும் வலப்பக்கத்துப் பாதை காலியாகக் கிடந்தது. முன்னால் போன பச்சை லாரி அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை. அவன் ஒரு முறைகூட முந்தவில்லை.